சான் பிரான்சிஸ்கோ எவ்வளவு தொலைவு?

கேள்வி: மகனைப் பார்க்கச் சான் பிரான்சிஸ்கோ செல்ல இருக்கிறேன். மகள் வயிற்றுப் பேத்தியின் உலக வரைபடத்தில், பெங்களூரிலிருந்து மேற்கு நோக்கி அளவுகோல் வைத்து அளந்தால் 22,000 கிலோமீட்டர் வருகிறது. மகனோ 14,000தான் என்கிறான். சென்ற டிசம்பரில் போய்வந்த நண்பர், பிற்பகல் 2 மணிக்குக் கிளம்பி அன்று மாலை 4.30க்கே இறங்கியதாகச் சொல்கிறார். இரண்டரை மணி நேரத்தில் அமெரிக்காவா?
- வாசகர், பழையபேட்டை, கிருஷ்ணகிரி.

பதில்: மகன் சொல்வதே சரி. பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர் என்பதால், எந்த இரண்டு ஊர்களுக்கும் இடையிலான மிகக் குறுகிய தொலைவு அதில் பாதியைத் தாண்டாது. 22,000 என்று விடை வந்தபோதே அளவுகோலைக் கீழே வைத்திருக்கலாம். உருண்டையைத் தட்டையாக்கிய தாளின் குற்றம் அது. சுவர்ப் படத்தில் வடக்கே போகப் போக நிலம் அகன்று தெரியும். போதாக்குறைக்குப் பசிபிக் பெருங்கடலைப் படத்தின் ஓரத்தில் இரண்டாக வெட்டியிருப்பார்கள்.

பள்ளியிலிருக்கும் பூகோள உருண்டையில் நூலின் ஒரு முனையைப் பெங்களூரின்மேல் விரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையைச் சான் பிரான்சிஸ்கோவுக்கு இழுத்து இறுக்கிப் பாருங்கள். (நம் மாவட்டத்து மாம்பழம் எவ்வளவு பேர் பெற்றதானாலும் இந்தச் சோதனைக்கு உதவாது.) நூல் வடக்கே ஏறி, திபெத், மங்கோலியா, சைபீரியா ஆகியவற்றைக் கடந்து, ஆர்க்டிக் வட்டத்துக்குள் புகுந்து, அலாஸ்கா வழியாகக் கீழே இறங்கும். அந்த நூலின் நீளம்தான் 14,000 கிலோமீட்டர். காற்றையும், பறக்க அனுமதியுள்ள வான்வெளியையும் பார்த்து வழியை மாற்றுவதால், உண்மையில் பறக்கும் தொலைவு இதைவிடக் கூடும். 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் முதல் சான் பிரான்சிஸ்கோ - பெங்களூரு விமானத்தைப் பெண் விமானிகள் மட்டுமே கொண்ட குழு வடதுருவத்தின் மேலாகவே ஓட்டி வந்தது.

மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் வேகத்தில், நிற்காமல் போனால் ஏறத்தாழ 16 மணி நேரம் ஆகும். உங்கள் நண்பரும் அவ்வளவு நேரம் உட்கார்ந்துதான் போயிருப்பார். அவர் இறங்கியபோது இங்கே மறுநாள் காலை 6 மணி. குளிர்காலத்தில் கலிபோர்னியா நம்மைவிடப் பதின்மூன்றரை மணி நேரம் பின்தங்கியிருப்பதால், அங்கே முதல் நாள் மாலை 4.30. கோடையில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பதால் வித்தியாசம் பன்னிரண்டரை ஆகிவிடும். திரும்பும்போது இதற்கு நேர்மாறு: குளிர்காலத்தில் அங்கே புதன் இரவு 9 மணிக்கு ஏறி 17 மணி நேரம் பறந்தால், இங்கே வெள்ளி அதிகாலை 3.30க்கு இறங்குவீர்கள். வியாழக்கிழமை விரதம் இருப்பவர்கள் கவனிக்க!

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு விமான நிலையம் சுமார் 125 கிலோமீட்டர். அது நகரின் வட கோடியில் இருப்பதால், ஓசூர், அத்திப்பள்ளி வழியே தெற்கிலிருந்து போகும் நாம் சில்க் போர்டு நெரிசலையும் ஹெப்பாளையும் கடந்தாக வேண்டும். மூன்று மணி நேரம் முன்னதாகவே அங்கே இருக்க வேண்டும் என்பதால், பிற்பகல் 2 மணி விமானத்துக்குக் காலை 7 மணிக்காவது வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.