பழைய பேனாக்கத்தி: எதைத் துலக்கலாம், எதை விட்டுவிடலாம்?

தாத்தாவின் பேனாக்கத்தி ஒன்று பரணில் கிடைத்தது. பிளேடில் கருப்பும் சிவப்புமாகத் திட்டுத் திட்டாக இருக்கிறது. பாலிஷ் பட்டறையில் கொடுத்துப் பளபளப்பாக்கி விடலாமா? (ராயபுரம் வாசகர்)

கொடுக்காதீர்கள். கருப்பும் சிவப்பும் ஒன்றல்ல. பழைய கார்பன் ஸ்டீல் பிளேடு, மாங்காயும் எலுமிச்சையும் நறுக்கி நறுக்கியே சாம்பல் நிறத்துக்கும் கருப்புக்கும் மாறிவிடும். அந்தக் கறை பிளேடுக்கு ஒரு கவசம், இருக்கட்டும். விரலில் பொடியாக ஒட்டுகிற செம்பழுப்புதான் துரு. அதை மட்டும் எடுத்தால் போதும்.

பட்டறைச் சக்கரத்தால் இரண்டு கெடுதல். மடங்கும் இடத்தை ஒட்டி, பிளேடின் அடிக்கட்டையில் கம்பெனி முத்திரை இருக்கும். அதன் ஆழம் மயிரிழை அளவுதான், சக்கரத்தில் வைத்த சில நொடிகளில் மழுங்கிவிடும். சேகரிப்பவர் காசு கொடுப்பது பெரும்பாலும் அந்த முத்திரைக்குத்தான். அடுத்தது சூடு. மெல்லிய நுனி சட்டென்று நீலம் பாய்ந்தால், அந்த இடம் 300 டிகிரி செல்சியஸை நெருங்கிவிட்டது என்று அர்த்தம். பதம் இறங்கிவிடும், பிறகு எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது.

வீட்டில் செய்வது இப்படி. மூட்டில் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, ஒரு இரவு அப்படியே வையுங்கள். காலையில் நகக்குழியில் (நகம் மாட்டித் திறக்க பிளேடில் இருக்கும் சின்னப் பள்ளம்) விரல் வைத்து மெதுவாகத் திறவுங்கள். வரவில்லையா, இன்னொரு சொட்டு, இன்னொரு நாள். குறடு போட்டு இழுத்தால் பிளேடு வராது, நகக்குழி ஓரம்தான் உடையும். திறந்ததும் உள்பள்ளத்தில் இருக்கும் பிசுக்கைப் பல்குச்சியால் சுரண்டுங்கள். நாலு பூஜ்ய நம்பர் (0000) ஸ்டீல் வுல்லை, அதாவது மிக மெல்லிய இரும்பு நாரை, எண்ணெயில் நனைத்து, பிளேடின் நீளவாக்கில் மட்டும் தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் கீறல் பளிச்சென்று தெரியும். கெட்டித் துருவைப் பித்தளைத் தகட்டின் ஓரத்தால் நெம்பலாம். பித்தளை எஃகைவிட மென்மையானது, பிளேடில் கோடு விழாது. முத்திரை மேல் எண்ணெய்த் துணி மட்டும்.

புளி, எலுமிச்சை, வினிகர் வேண்டாம். பித்தளைக் குத்துவிளக்குக்குச் சரி. எலும்புப் பிடியோ சுண்ணாம்புச் சத்தால் ஆனது, அமிலம் அதையே அரிக்கும். பிடிக்கு அடியில் இறங்கிய அமிலத்தைத் துடைத்தெடுக்கவும் வழியில்லை.

மூர் மார்க்கெட்டில் ஒரு ஷெஃபீல்ட் கத்தியைக் காட்டி ‘விக்டோரியா ராணி காலத்துச் சரக்கு’ என்கிறார்கள். எப்படி நம்புவது? (வியாசர்பாடி வாசகர்)

வாயை நம்ப வேண்டாம், அடிக்கட்டையைப் படியுங்கள். ஷெஃபீல்ட் இங்கிலாந்தில் கத்திக்குப் பேர்போன ஊர். அங்கிருந்து வந்து நம் ஊரில் அதிகம் புழங்கியது ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனிக் கத்தி. அதன் அடையாளம் நட்சத்திரமும் மால்டா சிலுவையும். கிரீடத்தின் இருபுறமும் இருப்பது ஆண்டவரின் முதலெழுத்து. வி, ஆர் (விக்டோரியா) இருந்தால் பொதுவாக 1901-க்கு முன். இ, ஆர் (எட்வர்ட்) என்றால் 1901 முதல் 1910 வரை. ஜி, ஆர் (ஜார்ஜ்) என்றால் பெரும்பாலும் அதற்குப் பின். பெயரில் ஓர் எழுத்தை விழுங்கிய போலிகள் நிறைய உண்டு, எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

‘ஸ்டெயின்லெஸ்’ என்று பொறித்திருந்தால் பேச்சே வேண்டாம். ஹாரி பிரியர்லி ஷெஃபீல்டில் அந்த எஃகை உருவாக்கியதே 1913-ல். ராணி இறந்து 12 வருஷம் ஆகியிருந்தது. ‘இங்கிலாந்து’ என்ற சொல் இல்லாததை மட்டும் பழமைக்குச் சாட்சியாக எடுக்காதீர்கள். இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் வேண்டும் என்று 1890-ல் சட்டம் போட்டது அமெரிக்கா. இந்தியாவுக்கு வந்த சரக்கை அது கட்டுப்படுத்தாது.

நுனி உடைந்த பிளேடை சாணைக்காரர் தீட்டிக் கொடுத்தார். இப்போது மடக்கினால் நுனி வெளியே துருத்திக்கொண்டு சட்டைப் பையைக் கிழிக்கிறது. (தண்டையார்பேட்டை வாசகர்)

கூர்ப் பக்கமாகத் தேய்த்திருக்கிறார். அப்படித் தேய்த்தால் புது நுனி முதுகுப் பக்கம் ஏறிவிடும். மடக்கும்போது மேலே தெரிவது முதுகுதான், அதனால் நுனி வெளியே நிற்கிறது. உடைந்த நுனியை எப்போதும் முதுகுப் பக்கமிருந்துதான் சரிக்க வேண்டும். இப்போதும் நேரம் போகவில்லை. எண்ணெய்க் கல்லில் முதுகைக் கையால் சரித்துத் தேயுங்கள், பத்து இழுப்புக்கு ஒருமுறை மடக்கிப் பாருங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. கூர் தொடங்குவதற்கு முன்னால், அடியில் கூரில்லாத ஒரு சின்ன மூக்கு இருக்கும். மடக்கினால் பிடிக்குள் இருக்கும் ஸ்ப்ரிங் மேல் உட்காருவது அதுதான். ஊசி அரத்தால் இரண்டே இழுப்பு இழுத்தால் பிளேடு கொஞ்சம் உள்ளே இறங்கும். அளவு மீறினால் கூர் போய் ஸ்ப்ரிங்கில் இடிக்கும், ஒவ்வொரு முறை மடக்கும்போதும் மொண்ணையாகும். சரிபார்க்க, பள்ளத்தில் மெல்லிய தாள் துண்டு வைத்து மடக்குங்கள். தாளில் வெட்டு விழுந்தால் அதிகம் அராவிவிட்டீர்கள். அதனால் முதலில் கல், கடைசியில்தான் அரம்.

பிளேடு ஆடுகிறது. ஆணியைத் தட்டலாமா? (பெரம்பூர் வாசகி)

பிடியின் முனையில் ஜெர்மன் சில்வர் (வெள்ளி போல் மின்னும் உலோகக் கலவை) அல்லது இரும்புக் கட்டு இருந்து, ஆணி அதன் வழியாகப் போனால் தட்டலாம். அடியில் இரும்புக் கட்டை வைத்து, உருண்டைத் தலைச் சின்னச் சுத்தியலால் மென்மையாக நாலைந்து தட்டு, பிறகு மடக்கிப் பாருங்கள். எலும்பு, கொம்பு, முத்துச்சிப்பி வழியாக ஆணி போனால் தொடாதீர்கள், விரிசல் விழும். ஆடினால் ஆடட்டும்.

ஒரே டப்பாவில் பத்துக் கத்திகள். ஆமை ஓடு போன்ற பிடி உள்ள ஒன்றுக்குப் பக்கத்தில் இருப்பவை மட்டும் துருப்பிடிக்கின்றன. டப்பாவைத் திறந்தால் கற்பூர வாசனை. (மண்ணடி வாசகர்)

அந்தப் பிடி செல்லுலாய்டு. கற்பூரம் சேர்த்துச் செய்த பழைய பிளாஸ்டிக். சிதையத் தொடங்கினால் அமில ஆவி விடும். பக்கத்துக் கத்திகளைத் தின்பது அதுதான். சிதைவைத் திருப்ப முடியாது. இன்றே அதைத் தனியாக எடுத்து, காற்றோட்டமான இடத்தில், அடுப்புக்கும் வெயிலுக்கும் எட்டாமல் வையுங்கள். எளிதில் தீப்பிடிக்கும் பொருள் என்பதால், சோதிக்கிறேன் என்று சூடான ஊசியை மட்டும் குத்திப் பார்க்க வேண்டாம். பிடியில் விரிசலும் ஒட்டும் பிசுபிசுப்பும் வந்துவிட்டால், பிடியைக் கழற்றிவிட்டு பிளேடையாவது காப்பாற்றலாம்.

தந்தப் பிடி போட்ட கத்தி விலைக்கு வருகிறது. (சௌகார்பேட்டை வாசகர்)

வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தந்த வியாபாரம் குற்றம். மான் கொம்புப் பிடியும் அதே சட்டத்துக்குள் வரும்.

தேங்காய் எண்ணெய் தடவித் தோல் உறையில் போட்டு வைத்தும் துரு வருகிறது. வீடு கடலுக்குப் பக்கம். (திருவொற்றியூர் வாசகி)

உறைதான் முதல் எதிரி. தோல் பதனிட்ட ரசாயனமும், அது உறிஞ்சிய ஈரமும், எண்ணூர் பக்கமிருந்து வரும் உப்புக்காற்றும் சேர்ந்தால் பிளேடு தாங்காது. கத்தி வேறு, உறை வேறாக வையுங்கள். தேங்காய் எண்ணெய் நாளாக ஆகச் சிக்கடித்துப் புளிக்கும், நல்லெண்ணெய் பிசினாக இறுகும். மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் ஒரு சொட்டு போதும். பழம் நறுக்கும் கத்திக்கும் அது ஆகும். தடவும் முன் பிளேடை ஈரத்துணியால் துடைத்து உப்பை எடுத்து, உடனே காயவிடுங்கள். உப்பின் மேலேயே எண்ணெய் தடவினால் துரு அடியில் வேலை செய்துகொண்டே இருக்கும். பிறகு காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வையுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை திறந்து, மூட்டுப் பக்கம் முதலில் பாருங்கள்.