வீடியோ மீட்டிங் முடிந்தால் ஏன் இவ்வளவு அலுப்பு?

கேள்வி: ஐடி நிறுவன வேலையை வீட்டிலிருந்து பார்க்கிறேன். தினமும் நான்கைந்து வீடியோ மீட்டிங். கேமரா ஆனில்தான் இருக்க வேண்டும் என்கிறார் மேனேஜர். உட்கார்ந்த இடத்தில்தான் வேலை, ஆனாலும் மாலையில் குழந்தையிடம் பேசக்கூடத் தெம்பில்லை. என்ன செய்யலாம்?
- கோவை வாசகி

பதில்: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், திரையின் மூலையில் தெரியும் உங்கள் முகத்தைத்தான் முதலில் சந்தேகப்படுவேன்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021இல் இந்தக் களைப்புக்கு நான்கு காரணங்களை முன்வைத்தார். நம் முகத்தை நாமே ஓயாமல் பார்ப்பது அதில் ஒன்று. நேரில் நடக்கும் கூட்டத்தில் ஒருவர் உங்கள் எதிரே கண்ணாடியை நீட்டிக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும்? முடி கலைந்திருக்கிறதா, முகம் வாடியிருக்கிறதா, பின்னால் காயும் துணி தெரிகிறதா என்று பாதிக் கவனம் அங்கேயே போய்விடும். ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் களைத்துப்போவதையும் அவரது குழு கண்டது. அதற்குப் பெரிய காரணமும் இந்தச் சொந்த முகம்தான்.

எனவே இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். ஜூமில் உங்கள் வீடியோமேல் ரைட் கிளிக் செய்து 'ஹைட் செல்ஃப் வியூ' கொடுங்கள். மற்றவர்களுக்கு நீங்கள் தெரிவீர்கள், உங்களுக்கு மட்டும் தெரியமாட்டீர்கள். டீம்ஸிலும் கூகுள் மீட்டிலும் இந்த வசதி உண்டு.

மற்ற மூன்றில், முகங்கள் மிகப் பெரிதாக, மிக அருகில் தெரிவதைச் சரிசெய்வது எளிது. முழுத்திரையை விட்டு ஜன்னலைச் சிறிதாக்கி, சற்றுத் தள்ளி உட்காருங்கள். கேமரா சட்டகத்துக்குள் அசையாமல் இருப்பதும் உடம்பை வாட்டும். இருவர் மட்டும் பேசும் கூட்டத்தை ஃபோனில் வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் நடந்தபடி பேசலாம். எஞ்சியது, ஜாடைகளைப் பிடிக்க மூளை படும் பாடு. நேர்ப்பேச்சில் ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான். குரல் தாமதமாக வந்தால் அந்தத் தாளம் குலைகிறது. "நீங்க சொல்லுங்க", "இல்ல, நீங்களே சொல்லுங்க" என்ற தடுமாற்றம் அதனால்தான்.

மேனேஜரிடம் தயங்காமல் பேசுங்கள். அமெரிக்காவில் 103 ஊழியர்களை நான்கு வாரம் கவனித்து 2021இல் வெளியான ஆய்வில், கேமரா ஆனில் இருந்த நாள்களில்தான் களைப்பு அதிகம். களைப்பு கூடியபோது கூட்டத்தில் வாய்திறந்து பேசுவது குறைந்தது. பெண்களையும் வேலைக்குப் புதியவர்களையுமே இது அதிகம் பாதித்தது. "வணக்கம் சொல்லும்போதும் நான் பேசும்போதும் கேமரா போடுகிறேன், மற்ற நேரம் ஆஃப் செய்துகொள்ளலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். நியாயமான கோரிக்கை இது. கூடவே, அரைமணிக் கூட்டத்தை 25 நிமிடத்தில் முடிக்கவும் கேளுங்கள். மிஞ்சும் ஐந்து நிமிடத்தில் மெயில் பார்க்காமல் எழுந்து நடங்கள்.

இத்தனைக்குப் பிறகும், மீட்டிங்கே இல்லாத ஞாயிற்றுக்கிழமையிலும் இதே அலுப்பு இருந்தால், தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பார்த்து ஹீமோகுளோபின், தைராய்டு இரண்டையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.