கிரவுட்ஃபண்டிங் வழியாகச் சுகூக்கில் (வட்டியில்லா இஸ்லாமிய முதலீட்டுப் பத்திரம்) சின்னத் தொகை போடலாமா? போட்டவர்கள் அனுபவம் என்ன?

நான் போட்டவன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மார்க்கம் படித்த ஆலிமும் இல்லை, நிதி ஆலோசகனும் இல்லை. ஹலாலா ஹராமா என்று என்னோடு மல்லுக்கு வராதீர்கள்.

வட்டி வாங்க மனம் வராமல் உங்கள் சேமிப்பு சும்மா கிடக்கிறது என்று நினைக்கிறேன். என் கதையும் அதுதான். சர்வதேசச் சந்தைக்கு வரும் சுகூக் பலவற்றுக்குக் குறைந்தபட்சத் தொகையே 2,00,000 டாலர். இந்தோனேசிய அரசு 2009 முதல் பொதுமக்களுக்குச் சில்லறையாக விற்கிறது. மலேசியா 2020இல் 500 ரிங்கிட்டிலிருந்தே கொடுத்தது. ஆனால் அவை அந்தந்த நாட்டுக் குடிமக்களுக்கு. அதனால் பலரிடம் சிறுகச் சிறுகத் திரட்டும் ஒரு ஆப் கண்ணில் பட்டதும் இரண்டு மாதச் சம்பளத்தைப் போட்டேன். ஒரு வருடத் தவணை. எத்தனை சதவீதம் என்று மட்டும்தான் பார்த்தேன்.

ஐந்தாம் மாதம் வீடு மாற வேண்டி வந்தது, அட்வான்ஸுக்குப் பணம் இல்லை. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து, "யாருக்காவது விற்றுக் கொடுங்கள், கொஞ்சம் குறைத்துக் கூடத் தருகிறேன்" என்றேன். "குறைத்து விற்பதுதான் சார் கூடாது" என்றார் அந்தப் பெண்.

கோபம் தணிந்த பிறகுதான் ஒப்பந்தத்தைப் படித்தேன். அது முராபஹா. எங்கள் பணத்தில் சரக்கு வாங்கி, லாபம் வைத்து, ஆப் வழியாகப் பணம் திரட்டிய கம்பெனிக்குத் தவணையில் விற்றுவிட்டார்கள். சரக்கு கைமாறியதும் என்னிடம் மிஞ்சியது வெறும் வரவேண்டிய கடன். கடனை முக மதிப்புக்குக் குறைத்தோ கூட்டியோ விற்பதைப் பெரும்பாலான அறிஞர்கள் ஏற்பதில்லை (மலேசியாவில் வேறு கருத்து உண்டு). இஜாராவாக இருந்தால் கட்டடத்திலோ இயந்திரத்திலோ நமக்குப் பங்கு, வருவது வாடகை. அந்தப் பங்கைப் பேசிய விலைக்கு விற்கலாம். வாங்க ஆள் கிடைத்தால்!

அப்புறம் அந்தக் கம்பெனி இரண்டு மாதம் இழுத்தடித்தது. தாமதத்துக்கு அபராதம் உண்டு, ஆனால் அது தர்மத்துக்குப் போய்விடும், நமக்கு வராது. அதில் எனக்கு வருத்தமில்லை. காலத்துக்குக் கூலி கேட்பதும் வட்டிதானே. ஆனால் இதை முதல் பக்கத்தில் எழுதியிருக்கலாம், பதினேழாம் பக்கத்தில் இருந்தது.

என் மச்சான் மட்டும் "வட்டி வேண்டாம்னு போனவருக்கு அசலே வரலையாம்" என்று குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டார். மூன்று வருடத்துக்கு முன் "அழகிய கடன்" (வட்டியில்லாமல் கொடுக்கும் கடன்) என்று என்னிடம் வாங்கிய பணத்தை இன்னும் திருப்பாதவர் அவர். கம்பெனியாவது பதினாலாம் மாதம் லாபத்தோடு கொடுத்துவிட்டது.

இப்போதும் போட்டிருக்கிறேன், பாதித் தொகை, இஜாராவில். அட்வான்ஸுக்கென்று தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான்.