நுரையீரல் மாற்றிய பிறகு மூச்சுக்குழாய் சுருங்கினால் ஸ்டென்ட் வைத்துவிடலாமா?

உங்கள் அண்ணனுக்கு இரண்டு நுரையீரலும் மாற்றி நாலு மாதம், வலப்பக்கம் புது நுரையீரலின் மூச்சுக்குழாயைத் தைத்த இணைப்பு சுருங்கி இரண்டு முறை பலூன் வைத்து விரித்தும் மறுபடி சுருங்கிவிட்டது, பேசாமல் ஸ்டென்ட் (மூச்சுக்குழாய் சுருங்காமல் உள்ளிருந்து தாங்கும் சிறு குழல்) வைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. எங்கள் அப்பாவுக்கு இதே நடந்தபோது கூடவே இருந்தவள், அவ்வளவுதான்.

அப்பாவுக்கு மூன்றாம் மாதம் வந்தது. வீட்டில் தினமும் ஊதிப் பார்க்கும் கருவியில் அளவு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. உடம்பு நுரையீரலை ஏற்கவில்லையோ என்றுதான் எல்லோரும் பயந்தோம். ப்ராங்கோஸ்கோபி, அதாவது மூச்சுக்குழாய்க்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை, செய்த பிறகுதான் இணைப்பில் சுருக்கம் என்று தெரிந்தது. நான் கேட்ட முதல் கேள்வி, "தையல் சரியில்லையா டாக்டர்?"

தையலில் குறை இல்லை, ரத்தம்தான் பற்றாக்குறை என்றார். மூச்சுக்குழாய்ச் சுவருக்கு மகாதமனியிலிருந்து தனியாக மெல்லிய ரத்தக்குழாய்கள் வருமாம். நுரையீரல் மாற்றும்போது பெரும்பாலும் அவற்றை இணைப்பதில்லை. அதனால் புது நுரையீரலின் மூச்சுக்குழாய் முனை முதல் சில வாரங்கள் நுரையீரல் தமனியிலிருந்து பின்வழியாகக் கசிந்து வரும், பிராணவாயு குறைந்த ரத்தத்தில்தான் பிழைக்கிறது. முறைத் தண்ணீர் வராத கடைமடை வயல் மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். காய்ந்த இடம் தழும்பாகி இறுகுகிறது. அந்த இடத்தில் அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையும் எளிதில் ஒட்டிக்கொள்ளும். அப்பாவுக்கு இருந்தது. அதற்குத் தனி மருந்து கொடுத்தார்கள். உங்கள் அண்ணனுக்குப் பூஞ்சைப் பரிசோதனை எடுத்தார்களா என்று கேளுங்கள்.

பலூன் ஒரே தடவையில் நிற்காதது தோல்வி இல்லை. தழும்பு திரும்ப இழுக்கத்தான் செய்யும். அப்பாவுக்கு ஐந்து முறை செய்தார்கள், முதலில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அப்புறம் இடைவெளி கூடியது. சில முறை லேசரால் தழும்பைக் கீறிவிட்டு விரித்தார்கள்.

அதற்கும் அடங்காதபோதுதான் ஸ்டென்ட் பேச்சு வந்தது. உலோக வலை ஸ்டென்ட் வைப்பது சுலபம், எடுப்பதுதான் பாடு. வலைக்கண் வழியே சதை வளர்ந்து பிடித்துக்கொள்ளும், சில சமயம் உடையவும் செய்யும். புற்றுநோய் அல்லாத சுருக்கத்துக்கு மற்ற வழிகளைப் பார்த்த பிறகே அதை யோசிக்க வேண்டும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகமே 2005-இல் எச்சரித்திருக்கிறது. சிலிகான் ஸ்டென்ட்டுக்கு முழு மயக்கம் கொடுத்து, வளையாத ப்ராங்கோஸ்கோப் வழியாகப் போக வேண்டும். ஆனால் வேண்டாதபோது எடுத்துவிடலாம். அப்பாவுக்கு அதைத்தான் வைத்தார்கள், பத்து மாதம் கழித்து எடுத்தார்கள். என்னைக் கேட்டால், இரண்டு பலூனோடு ஸ்டென்ட்டுக்கு அவசரப்பட மாட்டேன். வைத்தே ஆக வேண்டும் என்றால் எந்த வகை, எப்போது எடுப்பீர்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுவேன்.

இன்னொன்று. சிலிகானில் சளி ஒட்டும், இடம் நகரவும் செய்யும். அதனால் உப்புநீரை ஆவிபோல மூச்சில் இழுக்க வைக்கும் சலைன் நெபுலைசரை ஒரு நாளும் விடக்கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அப்பா ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் இரண்டு நாள் விட்டார். மூன்றாம் நாள் சளி அடைத்து, பட்டு வேட்டியோடு எமர்ஜென்சியில் கிடந்தார்.