இரவில் நிறுத்த முடியாமல் சாப்பிடுவது உங்கள் குற்றம் அல்ல

சகோதரி, திருமண வீட்டில் ஓர் உறவினர் "குண்டாகிவிட்டாயே" என்று சொன்னதிலிருந்து காலையும் மதியமும் சாப்பிடுவதில்லை, இரவு கை நிற்காமல் சாப்பிட்டுவிட்டு அழுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். மன உறுதி இல்லை என்று உங்களையே திட்டிக்கொள்கிறீர்கள். அது பசி, வேறொன்றும் இல்லை.

1945இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 36 ஆண்களுக்கு ஏறத்தாழ ஆறு மாதம் அரைவயிற்று உணவே கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். கட்டுப்பாடு நீங்கிய பிறகு பலருக்கு வயிறு நிறைந்தும் நிறுத்த முடியவில்லை.

ஆகவே இரவை விடுங்கள், காலையைச் சரிசெய்யுங்கள். நேற்றிரவு எவ்வளவு சாப்பிட்டிருந்தாலும் இன்று காலை இட்லியும் சாம்பாரும் உண்டு. மதியம் சோறும் உண்டு. தினமும் எடை பார்ப்பதை நிறுத்துங்கள். உப்பு கூடினாலே உடலில் நீர் தங்கி முள் ஏறிவிடும்.

நானும் "இளைத்த பிறகு போடலாம்" என்று ஒரு பட்டு ரவிக்கையை இரண்டு வருடம் பெட்டியில் பூட்டி வைத்திருந்தவள். தையற்காரர் பக்கத் தையலைப் பிரித்து, உள்ளே மடித்திருந்த துணியில் ஓர் அங்குலம் விட்டுக்கொடுத்தார். பத்து நிமிட வேலை. அன்று மாலையே உடுத்திக்கொண்டேன்.

சாப்பிட்டதை வாந்தி எடுக்கத் தோன்றினாலோ, மயக்கம் வந்தாலோ, மாதவிடாய் தவறினாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். இந்தியாவில் இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.