ராமநாதபுரத்தில் வழக்காடுகிறவருக்கு இணையக் குற்றச் சட்டத்தில் எல்.எல்.எம். பயன்படுமா?

பி.எல். முடித்து ராமநாதபுரம் நீதிமன்றத்தில் தொழிலைத் தொடங்கியிருக்கிறீர்கள். கணினிப் பின்னணி இல்லாமல் இணையக் குற்றம், இணையப் பாதுகாப்பு பற்றிய சட்டத்தை முதுநிலையில் படிக்க முடியுமா, படித்தால் இந்தக் கடற்கரை மாவட்டத்தில் அதற்கு வேலை இருக்குமா என்பது உங்கள் கேள்வி. அந்தப் படிப்பை முடித்து இங்கேயே வழக்காடி வருகிறவன் என்ற முறையில், இரண்டுக்கும் ஆம் என்றே சொல்வேன். ஆனால் படிப்பின் கடினம் நீங்கள் அஞ்சும் இடத்தில் இல்லை.

நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணான ஐ.பி. முகவரி எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று விளங்கும் அளவுக்குத் தொழில்நுட்பம் போதும். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 அப்படியொன்றும் பெரிய சட்டமில்லை. 2008 திருத்தத்தில் வந்த 66சி (அடையாளத் திருட்டு), 66டி (கணினி வழி ஆள்மாறாட்ட மோசடி) பிரிவுகளையும், இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய 66ஏ பிரிவை 2015இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தள்ளிய தீர்ப்பையும் விரைவிலேயே படித்துவிடலாம். உழைப்பைக் கேட்பது சாட்சியச் சட்டம்தான். கட்சிக்காரர் வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துக் கொண்டுவந்து, "எல்லாம் இதில் இருக்கிறது சார்" என்பார். பழைய இந்திய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு இருந்த இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவோ, அந்தச் செல்போன் யார் பொறுப்பில் இருந்தது, பதிவு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் குறியீடான ஹேஷ் மதிப்பு என்ன, அது எந்த முறையில் கணக்கிடப்பட்டது என்பதையெல்லாம் மின்னணுப் பதிவோடு தர வேண்டிய சான்றிதழில் கேட்கிறது. அதன் ஒரு பகுதியில் கட்சிக்காரரும் மறு பகுதியில் வல்லுநரும் கையெழுத்திட வேண்டும். இந்தச் சான்றிதழ் எப்போது கட்டாயம் என்பதில் 2014, 2020 ஆகிய ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புகளைச் சுருக்கத்தில் படிக்காதீர்கள், முழுமையாகப் படியுங்கள்.

வேலை இருக்குமா என்பதற்கு, மண்டபம் பக்கத்துக் கருவாட்டு வியாபாரி ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். வெளியூர் வாங்குநர் யு.பி.ஐ. வழியாக அனுப்பிய பணம் எங்கோ நடந்த மோசடியில் கைமாறி வந்தது என்று சொல்லி, வேறு மாநிலக் காவல்துறை கேட்டுக்கொண்டபடி வங்கி அவருடைய கணக்கு முழுவதையும் முடக்கிவிட்டது. சந்தேகத்துக்குரிய தொகை சில ஆயிரம்தான். ஆனால் உப்புக்கும் வண்டி வாடகைக்கும் வைத்திருந்த பணமும் சேர்ந்து நின்றுபோயிற்று. இதில் முதல் வேலை, முடக்கத்துக்குக் காரணமான புகார் எண்ணை வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குவது. அடுத்தது, விற்பனைச் சீட்டுகளை இணைத்து அந்த விசாரணை அதிகாரிக்கு எழுதுவது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106ஆம் பிரிவின்படி, கணக்கை முடக்கிக் கைப்பற்றியதை உடனே நீதித்துறை நடுவருக்குத் தெரிவித்தார்களா என்ற கேள்வியை அந்தக் கடிதத்திலேயே எழுப்ப வேண்டும். சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்தால் போதும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2023இலும் சென்னை உயர் நீதிமன்றம் 2024இலும் காட்டிய வழி இருப்பதால், மதுரைக் கிளையில் ரிட் மனுவுக்கு இடமுண்டு. இத்தகைய வழக்கைக் குற்றவியல் தெரிந்தவர் வங்கி விவகாரம் என்று ஒதுக்குகிறார், வங்கி வழக்கு நடத்துகிறவர் போலீஸ் விவகாரம் என்று ஒதுக்குகிறார். இந்தப் படிப்பு பயன்படுவது அந்த இடைவெளியில்தான்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 46ஆம் பிரிவையும் விட்டுவிடாதீர்கள். 5 கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கையை மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரே தீர்ப்பதிகாரியாக இருந்து விசாரிக்கலாம். தூத்துக்குடி வாடிக்கையாளர் ஒருவர் போலி மின்னஞ்சலால் இழந்த பணத்துக்கு வங்கியே ஈடு தர வேண்டும் என்று 2010இல் உத்தரவு வந்தது இந்த வழியில்தான். நம் பக்கத்தில் இதை நாடுவோர் குறைவாக இருப்பது எனக்கு வியப்பே.

ஆய்வேட்டுக்கும் பொருள் தேடி அலைய வேண்டாம். கீழக்கரை, தொண்டி போன்ற ஊர்களிலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிக் கம்போடியாவுக்குப் போய், அங்கே மிரட்டப்பட்டு மோசடி அழைப்புகள் செய்யும் இளைஞன் சட்டத்தின் பார்வையில் குற்றவாளியா, கடத்தப்பட்டவனா என்பதை இந்தியாவுக்கு வெளியே செய்த குற்றங்களுக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தைப் பொருத்தும் அதன் 75ஆம் பிரிவோடு சேர்த்து ஆராயலாம்; பழைய தீர்ப்புகளைத் தொகுத்துத் தருவதைவிட அது மேல்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது ஓராண்டா ஈராண்டா என்பதைவிடப் பாடத்திட்டத்தைப் பாருங்கள். 65பி பிரிவையே நடப்புச் சட்டமாக வைத்துக்கொண்டு, 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு ஓர் அலகுகூட ஒதுக்காத இடமாக இருந்தால், கட்டணம் குறைவு என்பதற்காகச் சேர வேண்டாம்.