தெரபிஸ்ட் என்னிடமே மதிப்பெண் கேட்பதால் என்ன பயன்?

கேட்டவர் ஒரு அம்மா. மகனுக்கு செரிப்ரல் பால்சி (மூளை பாதிப்பால் உடல் அசைவு சிரமமாகும் நிலை). "ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி, அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் பயிற்சி) கொடுக்கும் மேடம் சில மாதத்துக்கு ஒருமுறை என்னிடம் பத்துக்கு எவ்வளவு என்று கேட்கிறார். படித்தவர் அவர்தானே?" என்கிறார்.

நானும் குழந்தைகளுக்கு ஆக்குபேஷனல் தெரபி கொடுப்பவள்தான். பெற்றோரிடம் இதே கேள்வியைக் கேட்கிறேன்.

அது பெரும்பாலும் சி.ஓ.பி.எம். (Canadian Occupational Performance Measure) என்ற மதிப்பீடாக இருக்கும். 1990-களின் தொடக்கத்தில் கனடாவில் எங்கள் துறையினரே உருவாக்கிய முறை. அன்றாடம் சிரமப்படுத்தும் வேலைகளில் முக்கியமானவையாக ஐந்து வரை நீங்களே தேர்ந்தெடுப்பீர்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண்: பிள்ளை இப்போது எப்படிச் செய்கிறான், அதில் உங்களுக்கு எவ்வளவு திருப்தி. பிறகு கேட்கும்போது இரண்டு புள்ளியோ அதற்கு மேலோ ஏறியிருந்தால் நல்ல முன்னேற்றம் என்று பொதுவாக எடுத்துக்கொள்வோம்.

இந்தத் திருப்தி மதிப்பெண்ணை லேசாக விட்டுவிடாதீர்கள். என்னிடம் வரும் ஏழு வயதுப் பையன் ஒருவன் சென்டரில் பட்டன் போர்டில் (பட்டன் மாட்டிப் பழகும் பலகை) எல்லாவற்றையும் மாட்டிவிடுவான். யூனிஃபார்ம் சட்டைக்கு அவன் அம்மா செயலில் 3-லிருந்து 6-க்கு ஏற்றினார். திருப்தி மட்டும் 2-லேயே நின்றது. ஏன் என்று கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. ஏழே முக்காலுக்கு ஸ்கூல் வேன் வந்துவிடும். ஹார்ன் கேட்டதும் பதற்றத்தில் அவன் கை விறைத்துக்கொள்ளும். பாட்டி ஓடிவந்து மீதியை மாட்டிவிடுவார், இவன் அழுவான். அதனால் கீழ்ப் பட்டன்களை முந்தின இரவே மாட்டி வைத்து, காலையில் சட்டையைத் தலைவழியாகப் போட்டு, மார்புப் பக்கத்து இரண்டை மட்டும் அவனே மாட்டும்படி மாற்றினோம். முழுச் சட்டையும் சனி, ஞாயிறில் பழகினான். அடுத்த முறை திருப்தியும் ஏறியது. அந்த வேன் விஷயம் என் கையிலிருந்த எந்த டெஸ்டிலும் வந்திருக்காது.

கை வலு, தசை இறுக்கம் இதையெல்லாம் நாங்கள் தனியாக அளப்போம், அது எங்கள் வேலை. வீட்டில் நடப்பதை நீங்கள்தான் சொல்ல முடியும்.

சிலர் மேடம் மனசு கோணக்கூடாது என்று 8 போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்டால் அந்த வேலை முடிந்தது என்று நினைத்து அடுத்ததற்குப் போய்விடுவோம், நஷ்டம் பிள்ளைக்குத்தான். இன்னும் சிலருக்கு இந்த நம்பர் மாற்றுத்திறனாளி சான்றிதழின் சதவீதத்தைப் பாதிக்குமோ என்ற பயம். பாதிக்காது, அதை அரசு விதிகளின்படி மருத்துவர்கள் தனியாக மதிப்பிடுகிறார்கள். அடுத்த வீட்டுக் குழந்தையின் நம்பரோடும் ஒப்பிட வேண்டாம். உங்கள் மகனின் போன தடவையோடு மட்டும் ஒப்பிடத்தான் இது.

அப்புறம், அவன் தானாகச் செய்வதையும் நீங்கள் கைகொடுத்துச் செய்வதையும் பிரித்துச் சொல்லுங்கள். குழந்தைகளின் அன்றாடத் திறன்களை அளக்க 1992-இல் அமெரிக்காவில் வெளியான பி.இ.டி.ஐ. (PEDI) கேள்வித்தொகுப்பில் இவை இரண்டும் தனித்தனிப் பகுதிகளாகவே இருக்கின்றன. சாதம் பிசைந்து கொடுத்தால் தானே எடுத்துச் சாப்பிடுகிறான் என்றால் அதை அப்படியே சொல்லுங்கள்.

மகன் பேசினாலோ, படத்தைக் காட்டிக் கேட்டால் தொட்டுக் காட்டினாலோ, அவனையும் கேட்கச் சொல்லுங்கள். அம்மா கையெழுத்து சரியாக வேண்டும் என்பார், பையன் சைக்கிள் ஓட்ட வேண்டும் என்பான். அந்த ஐந்தில் ஒன்றாவது அவன் கேட்டதாக இருக்கட்டும்.